எண்பது வயசு ராக்: வாசகர் கேள்வி – பதில்

இரண்டு இதழ்களுக்கு முன்னால் பிரிட்டன் ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸின் 'ஹாக்னி டைமண்ட்ஸ்' ஆல்பத்தைப் பற்றிப் போகிற போக்கில் 'பாதி அருமை, பாதி பாலிஷ்' என்று ஒரு பதிலில் எழுதிவிட்டேன். அதற்கு வந்த கடிதங்கள் மற்ற கேள்விகளையெல்லாம் ஓரங்கட்டிவிட்டன. சரி, இந்த முறை முழுக்க அதற்கே. அரசியல் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எண்பது வயதுத் தாத்தாக்கள் பாடினார்கள் என்பதற்காகத்தானே விமர்சகர்கள் நட்சத்திரங்களை வாரிக் கொடுத்தார்கள்? இதே ஆல்பத்தை ஒரு புதுக் குழு போட்டிருந்தால் யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? (கல்லூரி மாணவர், சேலம்)

யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் தம்பி. ஆனால் ஒரு புதுக் குழுவால் இந்த ஆல்பத்தைப் போட்டிருக்கவும் முடியாது, அதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

ஆல்பம் வந்தது 2023 அக்டோபர் 20. அன்றைக்குப் பாடகர் மிக் ஜாகருக்கு 80 வயது, கிடார் வாசிக்கிற கீத் ரிச்சர்ட்ஸுக்கு 80 முடிய இரண்டு மாதம் பாக்கி, இன்னொரு கிடார்காரர் ரானி வுட்டுக்கு 76, அதாவது குழுவின் கைக்குழந்தை. சொந்தப் பாடல்களோடு அவர்கள் கடைசியாக ஆல்பம் போட்டது 2005-ல், 'எ பிக்கர் பேங்'. நடுவில் 18 வருடம். இவ்வளவையும் மண்டையில் வைத்துக்கொண்டுதான் எந்த விமர்சகரும் முதல் பாட்டைத் தட்டியிருப்பார், அதைத் தப்பு சொல்ல முடியாது.

பிரிட்டன் பத்திரிகைகள் பெரும்பாலும் பாராட்டின. அமெரிக்காவின் பிட்ச்ஃபோர்க் இணைய இதழ் மட்டும் பத்துக்கு ஐந்துகூடத் தராமல் வெளுத்து வாங்கியது. நான் இரண்டு தரப்பையும் வரிசையாக உட்கார்ந்து படித்தேன், ஒரு வேடிக்கை கண்ணில் பட்டது. பாராட்டியவர் 'இந்த வயசிலும் என்ன தெம்பு' என்கிறார், திட்டியவர் 'இந்த வயசில் எதற்கு இந்த வேஷம்' என்கிறார். இரண்டு பேரும் வயசைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். மூன்றாவது பாட்டில் கிடார் எப்படி இருக்கிறது, ஆறாவது பாட்டு ஏன் நன்றாக உட்கார்ந்திருக்கிறது என்று எழுதியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அப்புறம் அந்தத் தேய்ந்துபோன வாக்கியம் ஒன்று இருக்கிறது: '1981-ல் வந்த டாட்டூ யூ-வுக்குப் பிறகு இதுதான் சிறந்தது.' கொஞ்சம் மாற்றிச் சொல்ல விரும்புகிறவர் 1978-ல் வந்த 'சம் கேர்ல்ஸ்' வரைக்கும் பின்னால் போவார். 1989-ல் 'ஸ்டீல் வீல்ஸ்' வந்தபோதும் இதைச் சொன்னார்கள், 1994-ல் 'வூடூ லவுஞ்ச்' வந்தபோதும் சொன்னார்கள், 2005-லும் சொன்னார்கள். இத்தனைக்கும் அந்த 'டாட்டூ யூ' பழைய மிச்சங்களைத் தேடியெடுத்துத் தைத்த ஆல்பம். அதில் ஒரு பாட்டு 1972-ல் ஜமைக்காவில் ஆரம்பித்துக் கிடப்பில் போட்டது. இன்றைக்கு அதுதான் அளவுகோல்!

என் கணக்கு இது: பெயரை மறைத்துவிட்டுக் கேளுங்கள். முதல் சிங்கிளாக, அதாவது ஆல்பத்துக்கு முன்னால் தனிப் பாட்டாக வந்த 'ஆங்ரி' டீக்கடை ரேடியோவில் ஓடினால் நான் காலை ஆட்டிவிட்டு மறந்துவிடுவேன். 'ஸ்வீட் சவுண்ட்ஸ் ஆஃப் ஹெவன்' ஓடினால் டீ ஆறிப்போகும்.

கேள்வி: டிரம்ஸ் வாசித்த சார்லி வாட்ஸ் 2021-லேயே இறந்துவிட்டார். ஆனால் 2023 ஆல்பத்தில் அவர் பெயர் இருக்கிறதே? ஏஐ வைத்து உருவாக்கினார்களா? (இல்லத்தரசி, நாகர்கோவில்)

இல்லை, அவரே வாசித்தது. சார்லி இறந்தது 2021 ஆகஸ்ட் 24, வயது 80. அதற்கு முன்னால், 2019-ல், புதுப் பாடல்களுக்காகக் குழு கொஞ்சம் பதிவு செய்து வைத்திருந்தது. அதிலிருந்து 'மெஸ் இட் அப்', 'லிவ் பை த ஸ்வார்ட்' என்ற இரண்டு பாடல்களை எடுத்துக்கொண்டார்கள். டிரம்ஸ் உள்ள மற்றப் பாட்டெல்லாம் ஸ்டீவ் ஜோர்டன் வாசித்தது. தனக்குப் பதிலாக அவரை வைத்துக்கொள்ளுங்கள் என்று சார்லியே சொல்லிவிட்டுப் போனதாக கீத் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

உங்களுக்கு ஏஐ சந்தேகம் வந்ததற்குக் காரணம் வேறாக இருக்கலாம். இந்த ஆல்பம் வந்து இரண்டு வாரத்தில், நவம்பர் 2 அன்று, பீட்டில்ஸின் 'நவ் அண்ட் தென்' வந்தது. அதில்தான் ஜான் லெனன் எழுபதுகளில் வீட்டில் கேசட்டில் பாடி வைத்ததைக் கணினி உதவியோடு பியானோ சத்தத்திலிருந்து பிரித்து எடுத்தார்கள். இரண்டும் ஒரே சமயத்தில் பேசப்பட்டதால் குழம்பிப் போனவர்கள் நிறைய.

'லிவ் பை த ஸ்வார்ட்' பாட்டில் இன்னொரு விசேஷம் உண்டு. 1993-ல் குழுவை விட்டு விலகிய பில் வைமன் பேஸ் கிடார் வாசிக்க வந்தார், ஆல்பம் வெளியான அன்று அவருக்கு 87 பிறக்க நாலு நாள் இருந்தது. சார்லியின் டிரம்ஸ், வைமனின் பேஸ், மிக், கீத், ரானி என்று பழைய ஐந்து பேரும் ஒரே பாட்டில். பியானோ எல்டன் ஜான். சத்தியமாகச் சொல்கிறேன், பாட்டு சுமார்தான். ஆனால் அந்த இரண்டு பேர் அடியில் நகர்வதை மட்டும் தனியாகக் காது கொடுத்துக் கேளுங்கள்.

கேள்வி: ஒரு ஆல்பத்துக்கு 18 வருடமா? அப்படி என்னதான் செய்துகொண்டிருந்தார்கள்? (புதுச்சேரி வாசகர்)

சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். இந்த அளவு குழுவுக்குப் பணம் மேடையில்தான். புது ஆல்பத்தால் கூடுதலாக ஒரு டிக்கெட்கூட விற்கப் போவதில்லை, ஸ்டேடியத்துக்கு வருகிறவர் 1965-லிருந்து 1981 வரைக்குமான பாட்டைக் கேட்கத்தான் வருகிறார்.

மிக்குக்கும் கீத்துக்கும் நடுவில் உரசல் வேறு. கீத் 2010-ல் வெளியிட்ட சுயசரிதையில் மிக்கைப் பற்றிச் சொல்லக்கூடாததையெல்லாம் சொல்லி, பிறகு வருத்தம் தெரிவித்து, 2012-ல் ஐம்பதாம் ஆண்டுக் கச்சேரிகளுக்காக மறுபடி ஒரே மேடையில் நின்றார்கள். 2016-ல் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸில் பழைய பாடல்களை மட்டும் வைத்து 'ப்ளூ அண்ட் லோன்சம்' போட்டார்கள். 2019-ல் மிக்குக்கு இதய வால்வில் சிகிச்சை, 2020-ல் ஊரடங்கு, 2021-ல் சார்லி மரணம்.

கடைசியில் மிக்தான் பொறுமை இழந்தவர். காதலர் தினத்துக்குள், அதாவது 2023 பிப்ரவரி 14-க்குள் முடித்துவிட வேண்டும் என்று கெடு வைத்தார். 2022 கடைசியில் ஆரம்பித்தார்கள், சில வாரங்களில் பெரும்பாலான பாடல்களின் அடிப்படைப் பதிவு முடிந்துவிட்டது. பதினெட்டு வருடம் நடக்காதது சில வாரத்தில் நடந்ததென்றால், குறை எங்கே இருந்தது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்கிறவன். நீங்கள் 'பாலிஷ்' என்று எழுதியது சரிதான், ஆனால் ஏன் என்று விளக்கவில்லையே. (சென்னை வாசகர்)

உங்கள் முன்னால் ஒலிப்பதிவு பற்றிப் பேசுவதற்குக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

தயாரிப்பாளர் ஆண்ட்ரூ வாட், 1990-ல் பிறந்தவர். பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி சிபாரிசில் வந்தார். ஆஸி ஆஸ்போர்ன், இக்கி பாப் என்று பெரிய தலைகளை வைத்து ஆல்பம் செய்து பேர் வாங்கியவர், ஸ்டோன்ஸ் என்றால் உயிர், தினமும் ஸ்டோன்ஸ் படம் போட்ட வேறு வேறு டி-ஷர்ட்டில் ஸ்டூடியோவுக்கு வந்தாராம். முதல் மூன்று பாட்டில் பாடலாசிரியராகவும் அவர் பெயர் இருக்கிறது. ஜாகர், ரிச்சர்ட்ஸ், வாட். இந்தக் குழுவில் ஜாகர்-ரிச்சர்ட்ஸ் கூட்டில் வெளியாள் பெயர் சேர்வது லேசில் நடக்கிற காரியம் இல்லை.

வாட் செய்த நல்லது: வேலையை முடிக்க வைத்தார். பன்னிரண்டு பாட்டு, 48 நிமிடம், அவ்வளவுதான். 'எ பிக்கர் பேங்' பதினாறு பாட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல், பாதியில் யாருக்கும் கொட்டாவி வரும்.

அவர் செய்த கெட்டது: எல்லாவற்றையும் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். குரல், கிடார், பேஸ், டிரம்ஸ் நாலுமே ஒரே உயரத்தில், ஒரே வெளிச்சத்தில். ஸ்டோன்ஸின் பழைய பதிவுகளில் மிக்கின் குரல் கருவிகளுக்குள் பாதி புதைந்து கிடக்கும், வார்த்தை புரியாது, அதனாலேயே திரும்பத் திரும்பக் கேட்போம். இதில் ஒவ்வொரு எழுத்தும் துல்லியமாகக் கேட்கிறது. எண்பது வயதுக் குரலில் ஒரு சின்னச் சறுக்கல்கூட இல்லை, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

அப்புறம் தாளம். மற்றக் குழுக்களில் எல்லாரும் டிரம்ஸைப் பின்தொடர்வார்கள். ஸ்டோன்ஸில் கீத்தின் கிடார் முன்னால் போகும், சார்லி அதைப் பார்த்து ஒரு மயிரிழை பின்னால் வருவார், அதனால் பாட்டு எந்த நேரமும் குடைசாயப் போகிற மாதிரியே ஆடிக்கொண்டு, ஆனால் சாயாமல் போகும். சார்லி ஸ்னேர் என்கிற நடு டிரம்மை அடிக்கும்போது ஹை-ஹாட் என்கிற ஜோடித் தாளத் தட்டிலிருந்து கையை எடுத்துவிடுவார், அந்த ஒரு வினாடித் துளி வெற்றிடத்தில்தான் அந்த ஆட்டம் இருந்தது. ஸ்டீவ் ஜோர்டன் பிரமாதமான வாசிப்பாளர், கீத்தோடு எண்பதுகளிலிருந்தே வாசித்து வருகிறவர். ஆனால் அவர் தாளத்தில் பூமி அசையாது. அதன் மேல் வாட்டின் மிக்ஸிங்கும் சேர்ந்ததும் பாட்டு தண்டவாளத்தில் ஏறிவிடுகிறது.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் 'ப்ளூ அண்ட் லோன்சம்' கேளுங்கள். 2015 டிசம்பரில் லண்டனில் மூன்றே நாளில் பதிவு செய்தது, எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து, ஒருவர் மைக்கில் இன்னொருவர் சத்தம் வழிந்து கலந்தது. உங்கள் தொழிலில் இதைப் பிழை என்று சொல்லி வெட்டியிருப்பீர்கள். எனக்கு அந்தச் சத்தம்தான் ஸ்டோன்ஸ்.

இதையெல்லாம் சொன்னாலும் ஒரு நியாயம் உண்டு. அந்த ஆல்பத்தில் இருந்தது பூராவும் அடுத்தவர் பாட்டு. புதுப் பாட்டை முடிக்க வைக்க வாட் மாதிரி ஒரு ஆள் தலையில் உட்கார வேண்டியிருந்தது.

கேள்வி: 'ஹாக்னி டைமண்ட்ஸ்' என்றால் என்ன சார்? லண்டனில் வைரம் விற்கிற தெருவா? (ஓசூர் வாசகர்)

கார் கண்ணாடியை உடைத்துத் திருடிவிட்டுப் போன பிறகு ரோட்டில் சிதறிக் கிடக்கிற கண்ணாடித் துண்டுகளைக் ஹாக்னி இருக்கிற கிழக்கு லண்டனில் கிண்டலாக அப்படிச் சொல்வார்களாம். 2023 ஆகஸ்டில் ஹாக்னி கெஜட் என்ற உள்ளூர்ப் பத்திரிகையில் 'கண்ணாடி பழுது பார்க்கப்படும்' என்று ஒரு போலி விளம்பரம் கொடுத்து, அதில் தங்கள் பழைய பாட்டுப் பெயர்களை ஒளித்து வைத்திருந்தார்கள். செப்டம்பர் 6 அன்று ஹாக்னி எம்பயர் அரங்கில் அறிவிப்பு. விளம்பரம் யோசித்தவருக்கு ஆல்பத்தில் பாதியை விட அதிக மார்க் போடுவேன்.

கேள்வி: ராக் இசையே கேட்டதில்லை. இந்த ஆல்பத்தில் எந்தப் பாட்டிலிருந்து ஆரம்பிக்கலாம்? (ஆசிரியை, கோவை)

கடைசியிலிருந்து ஆரம்பியுங்கள். பன்னிரண்டாவது பாட்டு 'ரோலிங் ஸ்டோன் ப்ளூஸ்'. மிக்கும் கீத்தும் மட்டும், ஒரு கிடார், ஒரு ஹார்மோனிகா, ஒரு குரல். இது மடி வாட்டர்ஸ் 1950-ல் சிகாகோவின் செஸ் கம்பெனிக்குப் பாடிய பாட்டு, குழுவின் பெயரே இதிலிருந்து வந்ததுதான். 1961-ல் டார்ட்ஃபோர்ட் ரயில் நிலையத்தில் கீத், சின்ன வயசில் கூடப் படித்த மிக்கைத் தற்செயலாகப் பார்க்கிறார். மிக்கின் கையில் சக் பெரி, மடி வாட்டர்ஸ் இசைத்தட்டுகள். அன்றைக்குப் பேச ஆரம்பித்தவர்கள். அறுபது வருடம் கழித்து அந்தப் பாட்டை முதல் முறையாகப் பதிவு செய்கிறார்கள். கதை தெரியாமல் கேட்டாலும் பாட்டு நிற்கும், வாட்டின் பாலிஷ் துணி இதன் மேல் படவில்லை.

அடுத்து 'ஸ்வீட் சவுண்ட்ஸ் ஆஃப் ஹெவன்'. ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடுகிற தேவாலயப் பாணிப் பாட்டு. ஸ்டீவி வொண்டர் கீபோர்டு. பாடகி லேடி காகா அதே கட்டடத்தில் வேறு வேலையாக இருந்தவர், எட்டிப் பார்க்க வந்து தரையில் உட்கார்ந்து கூடவே முணுமுணுக்க, மிக் எழுந்து நிற்க வைத்துப் பாட வைத்தாராம். பாட்டு முடிந்துவிட்டது என்று நினைக்கிற இடத்தில் இரண்டு பேரும் மறுபடி மெதுவாக ஆரம்பித்து ஏறுகிறார்கள் பாருங்கள், அங்கே என் முடி சிலிர்த்தது. எண்பது வயதுக்காரருக்கு இந்த மேல் ஸ்தாயி எங்கிருந்து வருகிறது?

'டிரீமி ஸ்கைஸ்' நாட்டுப்புறச் சாயலில் சோம்பலாகப் போகும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு ஏற்றது. கீத் பாடுகிற 'டெல் மீ ஸ்ட்ரெய்ட்' சின்னப் பாட்டு, கரகரத்த குரல், எனக்கு ரொம்பப் பிடிக்கும். மற்றது உங்கள் இஷ்டம். 'ஆங்ரி' வீடியோவை வேண்டுமானால் பாருங்கள், நடிகை சிட்னி ஸ்வீனி சிவப்பு பென்ஸ் காரில் போக, தெரு முழுக்க விளம்பரப் பலகைகளில் குழுவின் பழைய இளமை முகங்கள் புதுப் பாட்டைப் பாடும். கிழவர்களைக் காட்டாமலேயே வீடியோ எடுத்துவிட்டார்கள்.

கேள்வி: மெக்கார்ட்னி, எல்டன் ஜான், காகா, வொண்டர் என்று இத்தனை விருந்தாளிகள் எதற்கு? சரக்கு போதாதா? (தஞ்சாவூர் வாசகர்)

கொஞ்சம் அப்படித்தான். ஆனால் மெக்கார்ட்னிக்கு நான் விலக்கு கொடுப்பேன். 2021-ல் ஒரு பேட்டியில் ஸ்டோன்ஸை 'ப்ளூஸ் பாட்டைத் திருப்பிப் பாடுகிற குழு' என்கிற மாதிரி மட்டம் தட்டியவர், கொஞ்ச நாளிலேயே அவர்கள் ஸ்டூடியோவுக்கு வந்து 'பைட் மை ஹெட் ஆஃப்' பாட்டில் பேஸ் கிடாரை உறும விட்டுவிட்டுப் போனார். 1963-ல் ஸ்டோன்ஸின் இரண்டாவது சிங்கிளை எழுதிக் கொடுத்ததே அவரும் லெனனும்தான். அறுபது வருடப் பங்காளிச் சண்டை, நமக்கென்ன.

கேள்வி: விமர்சனத்தை நம்பி ஆல்பம் வாங்கலாமா? அதுவும் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை 'ரோலிங் ஸ்டோன்ஸ்' ஆல்பத்துக்கு விமர்சனம் எழுதினால்? (டொராண்டோ தமிழர் ஒருவர்)

பெயர் ஒற்றுமை ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பத்திரிகையின் நிறுவனர் யான் வென்னர் மிக்கின் நண்பர். 2001-ல் மிக் தனியாகப் போட்ட 'காடஸ் இன் த டோர்வே' ஆல்பத்துக்கு வென்னரே பேனாவை எடுத்து ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் போட்டார். உலகமே சிரித்தது. அந்த ஆல்பத்தின் பெயரை கீத் எப்படித் திரித்துச் சொன்னார் என்பதை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது, நாய் வாசற்படியில் செய்கிற காரியம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

ஆனால் இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 1971-ல் வரிக்குப் பயந்து இங்கிலாந்தை விட்டுப் போன குழு, பிரான்ஸின் தென்கடற்கரையில் கீத் வாடகைக்கு எடுத்த பங்களாவின் புழுங்குகிற நிலவறையில் உட்கார்ந்து வாசித்ததுதான் 'எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்'. 1972-ல் வந்தபோது அதே ரோலிங் ஸ்டோன் பத்திரிகையில் லென்னி கேய் எழுதிய விமர்சனம் அரை மனசுப் பாராட்டுதான். நீளம், கலங்கல், குரல் கேட்கவில்லை என்று பலர் குறை சொன்னார்கள். லெஸ்டர் பேங்ஸ் என்ற பெரிய விமர்சகர் முதலில் நொட்டை சொல்லிவிட்டுப் பிறகு தன் கருத்தையே மாற்றிக்கொண்டார். இன்றைக்கு அதுதான் அவர்களுடைய உச்சம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்கள். அந்தக் கலங்கலைத்தான் இப்போது எல்லாரும் தேடுகிறார்கள்.

காரணம் ரொம்பச் சாதாரணமானது. விமர்சகருக்கு ஆல்பம் கைக்கு வந்து சில நாளில் எழுத வேண்டும். முதல் கேட்பிலேயே பிடித்துவிடுகிற பாட்டுக்கு மதிப்பெண் ஏறும், நாள்பட ஊறுகிற பாட்டுக்கு ஏறாது. 'ஹாக்னி டைமண்ட்ஸ்' முதல் கேட்பில் பிடித்துப்போகும்படி செய்யப்பட்ட ஆல்பம். வெளியான வாரம் நான் கேட்டதற்கும் இப்போது கேட்பதற்கும் நடுவில் 'ஆங்ரி', 'ஹோல் வைட் வேர்ல்ட்' இரண்டும் என் காதில் சுருங்கிவிட்டன, 'டிரீமி ஸ்கைஸ்' வளர்ந்துவிட்டது. வந்த வாரத்து விமர்சனத்தில் 'டிரீமி ஸ்கைஸ்' பற்றி ஒரு வரிக்கு மேல் எழுதியவர் எத்தனை பேர்?

வாங்கலாமா என்று கேட்டீர்கள். பாட்டைக் காசு கொடுக்காமலே கேட்க முடிகிற காலத்தில் விமர்சனத்தை வாங்குவதற்காக யார் படிக்கிறார்கள்? கேட்ட பிறகு படியுங்கள், சண்டை போட வசதியாக இருக்கும்.

கேள்வி: கிராமி கிடைத்ததே, அது நியாயமா? (மதுரை வாசகி)

2025 பிப்ரவரியில் சிறந்த ராக் ஆல்பம் விருது. ஆல்பம் வந்து ஒன்றேகால் வருடம் கழித்து ஏன் என்றால், 2023 செப்டம்பர் நடுவிலிருந்து வந்தவைதான் அந்த வருடக் கணக்கில் சேரும். முன்னாடியே வந்த 'ஆங்ரி' சிங்கிள் மட்டும் 2024 விருதுகளில் போட்டியிட்டுத் தோற்றது.

போட்டியில் இருந்தவர்கள் பேர்ல் ஜாம், க்ரீன் டே, ஜாக் வைட், பிளாக் க்ரோஸ், ஐடில்ஸ், ஃபான்டெய்ன்ஸ் டி.சி. நான் ஓட்டுப் போட்டிருந்தால் ஜாக் வைட்டின் 'நோ நேம்'-க்குப் போட்டிருப்பேன், ராக் ஆல்பம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று காட்டியது அதுதான். பேர்ல் ஜாம் ஆல்பத்தைத் தயாரித்தவரும் அதே ஆண்ட்ரூ வாட், ஆகவே எப்படிப் பார்த்தாலும் அவர் வீட்டுக்கு லாபம்.

இன்னொரு தகவல். இந்த விருதுப் பிரிவு முதன்முதலில் கொடுக்கப்பட்டது 1995-ல், வாங்கியது ஸ்டோன்ஸின் 'வூடூ லவுஞ்ச்'. அப்போதே வாக்காளர்கள் பழைய பெயருக்குத்தான் ஓட்டுப் போடுகிறார்கள் என்று முணுமுணுத்தார்கள். அன்று மிக்குக்கு 51 வயது, அதையே கிழவர் கணக்கில் வைத்தார்கள்!

கேள்வி: பிளாக் சபாத்தும் வயதான காலத்தில் ஆல்பம் போட்டார்களே, அதையும் இதையும் ஒப்பிட முடியுமா? (வேலூர் வாசகர்)

2013-ல் வந்த '13'. பிளாக் சபாத் என்கிற பிரிட்டன் ஹெவி மெட்டல் குழுவுக்காக அதன் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் 35 வருடம் கழித்துத் திரும்பிப் பாடிய ஸ்டூடியோ ஆல்பம், அமெரிக்காவில் அவர்களுக்கு முதல் நம்பர் 1, பிரிட்டனில் 1970-ன் 'பாரனாய்ட்' ஆல்பத்துக்குப் பிறகு அப்போதுதான் நம்பர் 1. அதிலும் டிரம்ஸ்தான் சிக்கல்: குழுவின் பழைய டிரம்மர் பில் வார்ட் ஒப்பந்தப் பிரச்சினையில் வரவில்லை, ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் குழுவின் பிராட் வில்க் வாசித்தார். தயாரிப்பாளர் ரிக் ரூபின் உங்கள் முதல் ஆல்பத்தைப் போய்க் கேளுங்கள் என்று குழுவையே பின்னால் அனுப்பினார், விளைவு, நிறைய இடங்களில் தங்களையே பார்த்து வரைந்த படம். ஆண்ட்ரூ வாட் அந்தத் தப்பைச் செய்யவில்லை, அவர் தப்பு வேறு. டோனி அயோமியின் கிடாருக்காக '13'-ஐ இன்னமும் கேட்கிறேன், அவர் அப்போது புற்றுநோய்ச் சிகிச்சைக்கு நடுவில் வாசித்தார்.

கேள்வி: கிடார் கற்றுக்கொள்கிறேன். கீத் மாதிரி வாசிக்க வழி? (பத்தாம் வகுப்பு, திருச்சி)

தடித்த ஆறாவது கம்பியைக் கழற்றிவிடு. மிச்சம் ஐந்தை ஜி, டி, ஜி, பி, டி என்று சுருதி சேர். இதுதான் 'ஓப்பன் ஜி'. அறுபதுகளின் கடைசியிலிருந்து அவருடைய பெரிய பாட்டுகளில் பாதி இதில்தான். முதலில் தேர்வு எழுதிவிட்டுக் கழற்று.

விரல்களில் மூட்டுவாதம் வந்ததால் வாசிப்பை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது என்று கீத்தே 2023-ல் சொன்னார். ஆல்பத்தில் கிடார் பல இடங்களில் சிக்கனமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், எனக்கு அது குறையாகப் படவில்லை.

கேள்வி: இந்தியாவுக்கு வந்திருக்கிறார்களா? (தூத்துக்குடி வாசகர்)

2003 ஏப்ரலில் பெங்களூரு, மும்பை. சென்னைக்கு வரவில்லை. இனி வருவார்கள் என்று உண்டியலில் காசு சேர்க்க வேண்டாம். 2024-ல் இந்த ஆல்பத்துக்கான சுற்றுப்பயணம் வட அமெரிக்காவோடு நின்றுவிட்டது, அதற்கு ஸ்பான்சர் யார் தெரியுமா, ஐம்பது வயதைத் தாண்டிய அமெரிக்கர்களுக்கான சங்கம்.

கேள்வி: அந்த நாக்குச் சின்னம் நம் காளியம்மனைப் பார்த்து வரைந்தது என்கிறான் என் நண்பன். பார்சிலோனா ஜெர்சியிலும் அது வந்தது என்கிறான். இரண்டும் ரீலா? (விழுப்புரம் வாசகர்)

உங்கள் நண்பரிடம் மன்னிப்புக் கேளுங்கள். 1970-ல் மிக் ஒரு காளி படத்தைக் காட்டி இந்த மாதிரி ஏதாவது வேண்டும் என்று கேட்க, லண்டன் ராயல் கலைக் கல்லூரி மாணவர் ஜான் பாஷ் வரைந்தது. கூலி 50 பவுண்டு. பிரபல அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் வரைந்தார் என்று சொல்கிறவர்கள்தான் ரீல் விடுகிறார்கள்.

பார்சிலோனா கதையும் நிஜம். ஆல்பம் வந்த அடுத்த வாரம், அக்டோபர் 28, ரியல் மாட்ரிட்டுக்கு எதிரான ஆட்டத்தில் அந்த நாக்கை மார்பில் போட்டுக்கொண்டு ஆடினார்கள், மிக்கும் ரானியும் மாடத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். பார்சிலோனா முதலில் கோல் போட்டுவிட்டு, கடைசி நிமிடத்தில் 2-1 என்று தோற்றது. பிட்ச்ஃபோர்க் ஆட்கள் அன்றைக்கு யாருக்குக் கைதட்டினார்கள் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.